செத்த கோழியை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும்

வெள்ளைக் கழிச்சல் வந்துபோன கிராமங்களில் இப்படி ஒரு பேச்சு எழுவது வழக்கம். வில்லியனூரிலிருந்து புதுச்சேரி நகரத்துக்கு வரும் பஸ்ஸில் இரண்டு பேர் பேசிக்கொள்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

"எங்க தெருவுல முப்பது கோழி போச்சு தம்பி. அதுல பதினெட்டு ஊசி போட்டது. போடாதது பன்னெண்டுதான். இனிமே எதுக்கு ஊசி?"

"நீங்க சொல்றதும் சரியாத்தான் இருக்கு அக்கா."

அந்த அம்மாள் சொன்ன எண்ணிக்கையில் பொய் இல்லை. கண்ணால் பார்த்து எண்ணியதைத்தான் சொல்கிறார். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறு. அந்த முடிவை நம்பி அடுத்த கோடையில் தெருவே ஊசியைக் கைவிட்டால், நட்டம் முப்பது கோழியோடு நிற்காது. எங்கே தவறு என்று கண்டுபிடிக்க ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் போதும். ஐந்தாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவர் யாரும் இந்தக் கணக்கைப் போடலாம்.

நான்கு கட்டம் போடுங்கள்

அந்தத் தெருவில் மொத்தம் எத்தனை கோழி இருந்தது என்பதை அந்த அம்மாள் சொல்லவில்லை. கேட்ட தம்பியும் கேட்கவில்லை. தவறு அங்கேதான் தொடங்குகிறது. கணக்குக்காக 200 கோழி இருந்ததாக வைத்துக்கொள்வோம். நோய் வருமுன் 180 கோழிக்கு ஊசி போட்டாகிவிட்டது. 20 கோழிக்குப் போடவில்லை. இப்போது எல்லாக் கோழியையும் நான்கு கட்டத்தில் அடைக்கலாம்.

ஊசி போட்டவை: செத்தவை 18, பிழைத்தவை 162, மொத்தம் 180.
ஊசி போடாதவை: செத்தவை 12, பிழைத்தவை 8, மொத்தம் 20.
இரண்டும் சேர்ந்து: செத்தவை 30, பிழைத்தவை 170, மொத்தம் 200.

பஸ்ஸில் வந்த அம்மாள் செத்தவை என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். 30-இல் 18, அதாவது நூற்றுக்கு 60 ஊசி போட்டவை. நாம் பார்க்கவேண்டியது குறுக்கு வரிசை. ஊசி போட்ட 180-இல் செத்தது 18, நூற்றுக்கு 10. ஊசி போடாத 20-இல் செத்தது 12, நூற்றுக்கு 60. ஊசி போடாத கோழிக்கு ஆபத்து ஆறு மடங்கு.

ஊசி போட்டவை எண்ணிக்கையில் அதிகம் செத்தது ஏன்? அந்தத் தெருவில் ஊசி போட்ட கோழிதான் அதிகம். பத்தில் ஒன்பது கோழி ஊசி போட்டதாக இருக்கும்போது, ஊசியால் எந்தப் பயனும் இல்லை என்றால், செத்ததிலும் பத்துக்கு ஒன்பது ஊசி போட்டதாக, அதாவது 30-இல் 27 ஆக இருந்திருக்க வேண்டும். இருந்தது 18 தான்.

படித்தவர்கள் இதற்கு நிபந்தனை நிகழ்தகவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் கனமாக இருந்தாலும் பொருள் எளிது. "ஊசி போட்டது என்று தெரிந்தால், அது சாகும் வாய்ப்பு எவ்வளவு?" என்பது ஒரு கேள்வி. "செத்தது என்று தெரிந்தால், அது ஊசி போட்டதாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை 10 சதவீதம். இரண்டாவதற்கு விடை 60 சதவீதம். இரண்டுக்கும் மேலே இருப்பது அதே 18 தான். கீழே எதை வைத்து வகுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். "என்று தெரிந்தால்" என்று யாரைப்பற்றிச் சொல்கிறோமோ, அவர்களின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

கடைக்காரர் காட்டும் கணக்கு

இதே குழப்பம் உரக்கடையிலும் உண்டு. "போன சம்பாவில் அமோக மகசூல் எடுத்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் எங்கள் நுண்ணூட்டம் வாங்கியவர்கள்" என்று ஒரு நோட்டீஸ் வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் 100 விவசாயி என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 பேர் அந்தச் சரக்கை வாங்கினார்கள், 20 பேர் வாங்கவில்லை. நல்ல மகசூல் எடுத்தவர்கள் 20 பேர். அவர்களில் 16 பேர் வாங்கியவர்கள். பத்துக்கு எட்டு சரிதான், நோட்டீஸில் பொய் இல்லை. ஆனால் வாங்கிய 80-இல் 16 பேர் என்பது நூற்றுக்கு 20. வாங்காத 20-இல் மீதி 4 பேர் என்பதும் நூற்றுக்கு 20. சரக்கு வாங்கியதால் ஒரு மரக்கால் நெல்கூடக் கூடியதாக இந்தக் கணக்கு காட்டவில்லை. நோட்டீஸைக் கையில் வாங்கியதும் கேட்கவேண்டியது ஒன்றுதான்: வாங்காதவர்களில் எத்தனை பேர் நன்றாக எடுத்தார்கள்?

பந்தயக் கணக்கு

இனி அடுத்த படி. குதிரைப் பந்தயம் பார்த்தவர்கள் "ஒன்றுக்கு ஒன்பது" என்று சொல்வதைக் கேட்டிருப்பார்கள். ஜெயிப்பதற்கும் தோற்பதற்கும் உள்ள விகிதம் அது. நூற்றுக்கு எத்தனை என்று சொல்லாமல், இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை என்று எதிரெதிரே நிறுத்திச் சொல்வது. பந்தயம் கெட்ட பழக்கம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பேச்சு முறை நமக்கு உதவும்.

ஊசி போட்ட கோழியில் சாவுக்கும் பிழைப்புக்கும் உள்ள விகிதம் 18-க்கு 162. சுருக்கினால் 1-க்கு 9. ஊசி போடாததில் 12-க்கு 8. சுருக்கினால் 3-க்கு 2, அதாவது ஒன்றரை. இந்த ஒன்றரையை அந்த ஒன்பதில் ஒன்றால் வகுத்தால் 13.5 வரும். இந்த விகிதங்களின் விகிதத்தைத்தான் புள்ளிவிவரக்காரர்கள் ஆட்ஸ் ரேஷியோ என்கிறார்கள்.

வகுத்தல் தொல்லை வேண்டாம் என்றால் குறுக்கே பெருக்குங்கள். ஊசி போடாமல் செத்தது 12, ஊசி போட்டுப் பிழைத்தது 162. இரண்டையும் பெருக்கினால் 1,944. ஊசி போட்டும் செத்தது 18, போடாமலே பிழைத்தது 8. பெருக்கினால் 144. பெரியதைச் சிறியதால் வகுத்தால் அதே 13.5. விடை 1 என்று வந்தால் ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று பொருள். உரக்கடை நோட்டீஸுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 16-ஐ 16-ஆல் பெருக்கினால் 256. 64-ஐ 4-ஆல் பெருக்கினாலும் 256. விடை சரியாக 1.

இங்கே ஓர் எச்சரிக்கை. 13.5 என்பதை "பதின்மூன்றரை மடங்கு கோழி சாகும்" என்று படிக்கக் கூடாது. சாவு ஆறு மடங்குதான். சாவு அதிகமாக இருக்கும் இடத்தில் பந்தய விகிதம் உண்மை மடங்கைவிடப் பெரிதாகத் தெரியும். விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு இது வசதி. நிகழ்ச்சி அபூர்வமாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். 100 தென்னங்கன்றில் ஒரு பக்கம் 2 பட்டுப்போகிறது, மறுபக்கம் 1 பட்டுப்போகிறது என்றால் மடங்கு 2, குறுக்குப் பெருக்கல் விடை 2.02.

மடங்கு என்ற எளிய கணக்கு இருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

மருந்தகத்துக்கு வந்த கோழி

ஒரு தெருவில் எல்லாக் கோழியையும் எண்ணிவிடலாம். ஒரு கொம்யூன் முழுக்க யார் எண்ணுவது? கால்நடை மருந்தகத்தில் இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் செத்துப்போன கோழியைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களின் கணக்குதான். பிழைத்த கோழியை யாரும் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். ஆகவே அவர் செத்த 30-ஐயும் எழுதிக்கொண்டு, பிழைத்தவற்றில் ஒரு பங்கை மட்டும் போய்ப் பார்த்து எழுதுகிறார். பிழைத்த 170-இல் பாதி, அதாவது 85 கோழியைப் பார்த்தார். அதில் ஊசி போட்டது 81, போடாதது 4 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது குறுக்கு வரிசையில் நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால் கணக்கு கெட்டுவிடும். ஊசி போட்டவை 18-ம் 81-ம் சேர்ந்து 99. அதில் 18 என்றால் நூற்றுக்கு 18. உண்மை 10 தான். ஊசி போடாதவை 12-ம் 4-ம் சேர்ந்து 16. அதில் 12 என்றால் நூற்றுக்கு 75. உண்மை 60. மடங்கும் ஆறிலிருந்து நாலேகாலுக்குள் இறங்கிவிட்டது. பிழைத்தவற்றைப் பாதியாக வெட்டியது நாம்தானே, கோழி இல்லையே.

குறுக்கே பெருக்கிப் பாருங்கள். 12-ஐ 81-ஆல் பெருக்கினால் 972. 18-ஐ 4-ஆல் பெருக்கினால் 72. வகுத்தால் 13.5. அசையவே இல்லை. பிழைத்தவற்றில் பாதியை எடுத்தாலும், பத்தில் ஒன்றை எடுத்தாலும், எடுப்பதில் பாரபட்சம் இல்லாவிட்டால் இந்த எண் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். பந்தயக் கணக்கின் அருமை இதுதான்.

உலகத்துக்கு இதை உணர்த்தியது புகையிலை. 1950-இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவர் லண்டன் ஆஸ்பத்திரிகளில் நுரையீரல் புற்றுநோயோடு வந்த ஆண்கள் 649 பேரையும், வேறு நோய்க்காக வந்த ஆண்கள் 649 பேரையும் விசாரித்தார்கள். புற்றுநோய்க்காரர்களில் புகைப்பவர் 647, புகைக்காதவர் 2. மற்றவர்களில் புகைப்பவர் 622, புகைக்காதவர் 27. மேலோட்டமாகப் பார்த்தால் 647-க்கும் 622-க்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏனென்றால் அந்தக் காலத்து லண்டனில் ஏறக்குறைய எல்லா ஆண்களும் புகைத்தார்கள், நம் தெருவில் எல்லாக் கோழிக்கும் ஊசி போட்டிருந்ததைப் போல. குறுக்கே பெருக்கினால் 647-ஐ 27-ஆல் பெருக்கியது 17,469. 622-ஐ 2-ஆல் பெருக்கியது 1,244. வகுத்தால் 14. அபூர்வமான நோய்க்கு இந்த எண்ணையே ஆபத்தின் மடங்காக எடுத்துக்கொள்ளலாம் என்று ஜெரோம் கார்ன்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1951-இல் நிறுவினார். பீடிக்கட்டைத் திண்ணையில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்கள் அந்த 14-ஐ இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

கூண்டுக்கு எவ்வளவு, ஊசிக்கு எவ்வளவு?

மறுபடி நம் தெருவுக்கு வருவோம். விவரம் தெரிந்த ஒருவர் இப்படி மடக்கலாம்: "ஊசி போடுகிறவர்கள் பொறுப்பானவர்கள். அவர்கள் கோழியைக் கூண்டிலும் அடைப்பார்கள். பிழைத்தது ஊசியாலா, கூண்டாலா?" இது விதண்டாவாதம் இல்லை. பதில் சொல்லியாக வேண்டும். நான்கு கட்டத்தை இரண்டாகப் பிரித்து, கூண்டுக் கோழிக்கு ஒன்று, மேய்கிற கோழிக்கு ஒன்று என்று போடவேண்டும்.

கூண்டுக் கோழியில் ஊசி போட்டது 150, அதில் செத்தது 9. போடாதது 5, அதில் செத்தது 2.
மேய்கிற கோழியில் ஊசி போட்டது 30, அதில் செத்தது 9. போடாதது 15, அதில் செத்தது 10.

கூட்டிப் பாருங்கள், பழைய 18-ம் 12-ம் வந்துவிடும். கூண்டுக்குள் குறுக்குப் பெருக்கல்: 2-ஐ 141-ஆல் பெருக்கி, 9-ஐ 3-ஆல் பெருக்கியதால் வகுத்தால் சுமார் 10.4. வெளியில்: 10-ஐ 21-ஆல் பெருக்கி, 9-ஐ 5-ஆல் பெருக்கியதால் வகுத்தால் சுமார் 4.7. இரண்டுமே 13.5-ஐவிடக் குறைவு. அதாவது நாம் ஊசிக்குக் கொடுத்த பெருமையில் ஒரு பங்கு கூண்டுக்குச் சேரவேண்டியது. ஆனாலும் இரண்டு இடத்திலும் விடை 1-க்கு மேல்தான். கூண்டில் அடைத்தாலும் சரி, வெளியில் மேய்ந்தாலும் சரி, ஊசி காப்பாற்றியிருக்கிறது. ஊசி போட்டும் மேய்கிற கோழியில் நூற்றுக்கு 30 செத்ததையும் கவனியுங்கள். நோய் காலத்தில் ஊசியோடு கூண்டும் வேண்டும்.

கூண்டில் ஊசி போடாதது ஐந்தே கோழி என்பதால் அந்த 10.4-ஐ ரொம்பவும் நம்பிவிடக் கூடாது. அந்த ஐந்தில் இன்னும் ஒன்று செத்திருந்தால் விடை 23-ஐத் தாண்டும். ஒன்று பிழைத்திருந்தால் 4-க்குக் கீழே போகும். ஒரு கோழியால் இப்படி ஆடுகிற எண்ணை வைத்துக் கடன் வாங்கிப் பண்ணை போடலாமா?

ஆட்டு மந்தையில் நடந்த சோதனை

கூண்டா ஊசியா என்ற சண்டையே வராமல் செய்ய ஒரு வழி உண்டு. யாருக்கு ஊசி என்பதைச் சொந்தக்காரர் விருப்பத்துக்கு விடாமல், சோதனை செய்பவரே மந்தையை இரண்டாகப் பிரித்துவிடுவது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த 1881-ஆம் ஆண்டில், பிரான்சில் பூயி-லெ-ஃபோர் என்ற ஊரில் லூயி பாஸ்டர் இதைச் செய்தார். நோய் அடைப்பான். ஒரு பக்கம் 24 செம்மறியும் 1 வெள்ளாடும், மறுபக்கம் அதே கணக்கு. மே 5-ஆம் தேதியும் 17-ஆம் தேதியும் ஒரு பக்கத்துக்கு மட்டும் தடுப்பூசி. மே 31-இல் இரு பக்கத்துக்கும் வீரியமுள்ள நோய்க்கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2-ஆம் தேதி ஊரே கூடிப் பார்த்தது. அன்று சாயங்காலத்துக்குள் ஊசி போடாத 25-ம் செத்துவிட்டன. ஊசி போட்டவை நின்றுகொண்டிருந்தன. பிறகு அவற்றில் சினையாக இருந்த ஒரு ஆடு மட்டும் செத்தது.

இதற்குக் குறுக்குப் பெருக்கல் போட்டால் ஒரு சங்கடம். ஊசி போடாமல் பிழைத்தது 0. பூச்சியத்தால் வகுக்க முடியாது. நாலு கட்டத்திலும் அரை அரையாகக் கூட்டிக்கொண்டு கணக்குப் போடுவது வழக்கம். இந்த அரைக் கணக்கோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று ஜே.பி.எஸ். ஹால்டேன். இங்கிலாந்துக்காரரான அவர் 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார். பாஸ்டர் மந்தைக்கு அரை கூட்டினால் விடை 833 வருகிறது. அந்த எண்ணுக்கு அதிக அர்த்தம் இல்லை. இருபத்தைந்துக்கு ஒன்று, இருபத்தைந்துக்கு இருபத்தைந்து என்பதை எந்தக் கணக்கும் இல்லாமலே கண் சொல்லிவிடும்.

உங்கள் நோட்டில்

வெள்ளைக் கழிச்சலுக்கு ராணிக்கெட் என்று பெயர் வந்தது இமயமலைப் பக்கத்து ராணிக்கேத் ஊரால். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலுக்கு அடியில் ஆர்-2-பி ஊசி என்பது நம் பக்கத்தில் நடைமுறை. மருந்தைக் குளிர்ச்சி கெடாமல் ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வெயிலில் வைத்த மருந்தைப் போட்டுவிட்டு "ஊசி போட்டது" என்ற வரிசையில் எழுதினால் கணக்கும் கெடும், கோழியும் போகும்.

இன்னொரு தகராறு, நோய் தெருவுக்குள் வந்த பிறகு அவசரமாகப் போடும் ஊசி. உள்ளே ஏற்கெனவே கிருமி ஏறிய கோழி, ஊசி போட்ட இரண்டாம் நாள், மூன்றாம் நாள் விழும். பழி ஊசிக்கு வரும். ஊசி போட்டதும் பலன் கிடைத்துவிடாது, உடம்பில் எதிர்ப்பு சக்தி உண்டாக நாள் பிடிக்கும். ஆகவே ஊசி போட்டுப் பத்து நாள் கழித்து, அன்று உயிரோடு இருக்கிற எல்லாக் கோழியையும், ஊசி போட்டதையும் போடாததையும், எண்ணி எழுதி அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள். ஊசி போட்டதில் மட்டும் முதல் பத்து நாள் சாவைக் கழித்துவிட்டுப் போடாததில் கழிக்காமல் விட்டால், அது ஊசிக்குச் சாதகமாகச் செய்த கள்ளக் கணக்கு.

காலில் கட்டும் கலர் நூல் போதும் அடையாளத்துக்கு. சிவப்பு என்றால் ஊசி போட்டது. நோட்டில் வீட்டுக்கு ஒரு வரி: ஊசி போட்டது எத்தனை, போடாதது எத்தனை, ஒவ்வொன்றிலும் செத்தது எத்தனை, கூண்டு உண்டா இல்லையா. பத்து வீடு சேர்ந்து எழுதினால் 200 கோழி சேர்ந்துவிடும். நாட்டின் முதல் கிருஷி விக்யான் கேந்திரா 1974-இல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. இப்போது அது குரும்பாப்பட்டில் பெருந்தலைவர் காமராசர் பெயரில் இயங்குகிறது. கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதே குரும்பாப்பட்டில்தான் இருக்கிறது. அங்கே போகும்போது செத்த கோழியோடு இந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். பிழைத்த கோழிகளின் எண்ணிக்கையை எழுத மறந்துவிடாதீர்கள்.